எஞ்சிய இடத்தில் எழுதிய வாழ்த்து

வாசலில் அழைப்பு மணி ஒலிக்கிறது. பொதியைக் கொண்டுவந்த இளைஞர் நெற்றி வியர்வையைத் துடைத்தபடியே, “அம்மா, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்கிறார். வீட்டுத் தலைவி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, கைபேசியைத் தள்ளிப் பிடித்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறார். பொதி கைமாறுகிறது, இளைஞர் அடுத்த வீட்டுக்கு விரைகிறார். நாள்தோறும் நம் தெருக்களில் நடைபெறும் காட்சி இது. அந்த எண்ணைச் சுமந்து வந்தது குறுஞ்செய்தி.

இன்று நம்மில் பலருக்கும் குறுஞ்செய்தி என்றால் வங்கியின் அறிவிப்பும், கடவு எண்ணும், வேண்டாத விளம்பரமுமே நினைவுக்கு வரும். மனிதருக்கு மனிதர் எழுதுவதெல்லாம் வேறு செயலிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் சட்டைப் பைக்குள் வாழ்ந்துவரும் இச்சிறு வசதிக்கு ஒரு வரலாறு உண்டு. பெரியோர் பொருட்படுத்தாத ஒரு மூலையில் அது பிறந்தது. எளியோர் கையில் வளர்ந்தது. நம் தாய்மொழிக்கு அது அளந்து கொடுத்த இடமோ மிகக் குறைவு. அந்த வரலாற்றைச் சற்றே நின்று நோக்குவது பயனுடையது.

வெறுமையாய்க் கிடந்த ஒற்றையடிப் பாதை

ஐரோப்பிய நாடுகளின் அஞ்சல், தொலைபேசித் துறைகள் ஒன்றுகூடி 1982-ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்தன. அந்நாளில் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு வகையான நடமாடும் தொலைபேசிகள் இருந்தன. எல்லையைத் தாண்டினால் கருவி ஊமையாகிவிடும். எல்லா நாடுகளுக்கும் பொதுவானதொரு முறையை வகுப்பதே அக்குழுவின் பணி. பின்னாளில் உலகெங்கும் பரவிய ஜி.எஸ்.எம். முறை அதிலிருந்துதான் தோன்றியது.

குழுவினரின் முதன்மைக் கவலை குரலைப் பற்றியது. ஓடும் வண்டியிலிருந்து பேசுபவரின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். வண்டி ஒரு கோபுரத்தின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லைக்குப் போகும்போது பேச்சு அறுபடக் கூடாது. எழுத்தால் செய்தி அனுப்புவது அதன் துணைச் சேவைகளுள் ஒன்றாகவே கருதப்பட்டது.

அத்துணைச் சேவைக்கு இடம் எங்கே கிடைத்தது? நாம் பேசாதிருக்கும்போதும் கைபேசி அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பில்தான் இருக்கிறது. “இங்கிருக்கிறேன்” என்று கருவி தெரிவிப்பதும், “உனக்கு ஓர் அழைப்பு வந்துள்ளது” என்று கோபுரம் சொல்வதும் குரல் செல்லும் பெருவழியில் அல்ல. அதற்கெனக் குறுகலான வேறொரு பாதை உண்டு. அப்பாதை பெரும்பாலான நேரம் வெறுமையாகவே கிடந்தது. அந்த ஓய்ந்த கணங்களில் சில எழுத்துகளை அனுப்பினால் என்ன என்று பொறியாளர் சிலர் எண்ணினர். அறுவடைக்குப் பின் களத்து மேட்டில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் பொறுக்கிச் சேர்ப்பது போன்ற எண்ணம் அது.

பாதை குறுகலானது. ஆகவே செய்தியும் குறுகியதாக இருக்க வேண்டும். எவ்வளவு குறுகியதாக? ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிடெல்ம் ஹில்லெபிராண்ட் என்னும் பொறியாளர் 1985-ஆம் ஆண்டு பான் நகரில் தம் வீட்டில் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்தார். மனத்தில் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்துகள், இடைவெளிகள், குறிகள் உள்ளன என்று எண்ணினார். பெரும்பாலானவை ஓரிரு வரிகளில் முடிந்தன. மக்கள் எழுதும் அஞ்சலட்டைகளையும், வணிக நிறுவனங்கள் அனுப்பிய டெலெக்ஸ் செய்திகளையும் நோக்கினார். அவையும் அவ்வளவில்தான் இருந்தன. 160 எழுத்துகள் போதும் என்ற முடிவுக்கு வந்தார். பிரான்சு நாட்டின் பெர்னார் கில்பேர் முதலியோரும் அவரோடு இப்பணியில் ஈடுபட்டிருந்தனர்.

குறுகிய பாதையில் அத்தனை எழுத்துகளை அடைப்பதும் எளிதாக இல்லை. முதலில் 128 எழுத்துகளுக்கே இடமிருந்தது. ஏற்றுக்கொள்ளும் எழுத்துகள், குறிகளின் தொகுதியைச் சுருக்கியும், வேறு சில திருத்தங்களைச் செய்தும் மேலும் 32 எழுத்துகளுக்கு இடம் கண்டார்கள். எழுத்துத் தொகுதியைச் சுருக்கிய அந்த முடிவைச் சற்று நினைவில் வைப்போம். அது பின்னர் நம் வீட்டு வாசலுக்கும் வரும்.

மறுமொழி கூற இயலாத வாழ்த்து

1992-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள். இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற 22 வயது இளைஞர், வோடஃபோன் நிறுவனத்திற்காகக் குறுஞ்செய்தி அமைப்பை உருவாக்கும் பணியிலிருந்தார். அன்று தம் கணினியின் விசைப்பலகையில் “மெர்ரி கிறிஸ்துமஸ்” என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினார். அந்நிறுவனத்தின் அலுவலர் ரிச்சர்டு ஜார்விஸ் கிறிஸ்துமஸ் விருந்தொன்றில் இருந்தார். அவரிடமிருந்த ஆர்பிட்டெல் 901 என்னும் பெரிய கருவியின் திரையில் அவ்வாழ்த்து தோன்றியது. வணிக வலையமைப்பில் சென்ற முதல் குறுஞ்செய்தி இதுவே என்று வரலாறு குறிக்கிறது.

இடைவெளியையும் சேர்த்து வெறும் 15 எழுத்துகள். கருவியைச் சோதிக்க அவர் வேறு எதையும் அனுப்பியிருக்கலாம். ஆனால் டிசம்பர் மாதத்தில், ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு முதன்முதலாக எழுதத் தோன்றியது பிறப்பு விழா வாழ்த்து.

இதில் மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. வாழ்த்தைப் பெற்றவரால் மறுமொழி அனுப்ப முடியவில்லை. அந்தக் கருவியில் எழுத்தை அனுப்பும் வசதி இல்லை. அந்நாளில் பலர் குறுஞ்செய்தியை ஒருவழி அறிவிப்பாகவே கருதினர். “உமக்குக் குரல் அஞ்சல் வந்துள்ளது” என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல ஒரு மணியோசை, அவ்வளவே. கைபேசியிலேயே எளிதாக எழுதி அனுப்பும் வசதியோடு நோக்கியா 2010 என்னும் கருவி 1994-இல் வந்த பிறகே உரையாடல் பிறந்தது. பிரித்தானியாவில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியோ 1999-இல்தான் கிடைத்தது. அதன் பிறகு பயன்பாடு வெள்ளமெனப் பெருகியது.

எடுத்து ஆண்டவர்கள் யார்?

அலுவலர்களுக்கும் வணிகர்களுக்கும் எண்ணிச் செய்யப்பட்ட இவ்வசதியை உண்மையில் எடுத்து ஆண்டவர்கள் வேறு சிலர். பேச்சுக் கட்டணம் கொடுக்க இயலாத மாணவர்கள், வெளிநாட்டில் உழைத்த தொழிலாளர்கள், செவித்திறன் இல்லாதோர் ஆகியோரே அவர்கள். தொலைபேசி கண்டுபிடிக்கப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், காது கேளாதவருக்கு அது மூடிய கதவாகவே இருந்தது. கையில் அதிரும் ஒரு சிறு கருவியும் அதன் திரையில் தோன்றும் இரண்டு வரிகளும் அந்தக் கதவைத் திறந்தன. தெருவில் நடந்துகொண்டே, பிறர் துணையின்றி, தம் நண்பரை “எங்கே இருக்கிறாய்?” என்று கேட்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது.

பன்னிரண்டு விசைகளைக் கொண்டு விரைந்து எழுத உதவிய டி9 என்னும் மென்பொருளின் பிறப்பும் இதை ஒத்ததே. ஒரு விசைக்கு மூன்று எழுத்துகள் என்றிருக்க, ஒவ்வொரு விசையையும் ஒரு முறை மட்டும் தட்டினால் எழுத நினைத்த சொல்லை அம்மென்பொருள் ஊகித்துத் தரும். இதை உருவாக்கிய மார்ட்டின் கிங், கிளிஃப் குஷ்லர் ஆகியோர், கை அசைக்கவும் பேசவும் இயலாதோர் தம் எண்ணத்தைத் தெரிவிக்க உதவும் கருவிகளில் உழைத்தவர்கள். கண்ணசைவால் சில புள்ளிகளை மட்டுமே சுட்ட முடிந்தவருக்காகத் தேடிய வழி, பின்னர் கோடிக்கணக்கான இளைஞரின் கட்டைவிரலுக்கு வேகம் தந்தது. நலிந்தவருக்கென்று செய்தது நலமுள்ளோருக்கும் பயன்பட்டது.

நம் நாட்டில் முதல் கைபேசி அழைப்பு 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் நிகழ்ந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக் ராமோடு பேசினார். தொடக்கத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை ஆனது, வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு. 2003-இல்தான் வரும் அழைப்புகள் கட்டணமின்றிக் கிடைத்தன. “வந்து சேர்ந்தேன்”, “காய்ச்சல் இறங்கிவிட்டது”, “பணம் அனுப்பியுள்ளேன்” போன்ற செய்திகளுக்கு 160 எழுத்துகள் தேவைக்கு மேலாகவே இருந்தன. பண்டிகை நாட்களில் குறுஞ்செய்திச் சலுகைகள் செல்லாது என்று நிறுவனங்கள் விதி செய்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அன்றும் நாம் வாழ்த்து அனுப்பத்தான் செய்தோம்.

கென்யா நாட்டில் 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய எம்-பெசா சேவை, வங்கிக் கணக்கே இல்லாத ஏழைகளும் கைபேசியின் வழியாகப் பணம் அனுப்ப வகை செய்தது. நகரத்தில் உழைக்கும் மகன் அனுப்பிய தொகை வந்துவிட்டது என்பதைச் சிற்றூரில் இருக்கும் தாய்க்கு உறுதி சொன்னதும் ஒரு குறுஞ்செய்தியே.

மணிலாவின் சாலையில்

குறுஞ்செய்தி ஒரு நாட்டின் அரசியலையே அசைத்த நிகழ்ச்சி பிலிப்பைன்சில் நடந்தது. குடியரசுத் தலைவர் ஜோசப் எஸ்ட்ராடாவின் மீது ஊழல் குற்றச்சாட்டு விசாரணை நடந்துகொண்டிருந்தது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், முக்கியச் சான்று அடங்கியதாகக் கருதப்பட்ட உறையைத் திறக்க வேண்டாம் என்று செனட் உறுப்பினர்கள் 11-க்கு 10 என்ற கணக்கில் முடிவு செய்தனர். அன்றிரவே மணிலாவில் கைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. எட்சா சாலைக்கு வாருங்கள், கறுப்பு உடை அணியுங்கள் என்ற பொருளில் சில சொற்கள் ஒருவரிடமிருந்து பத்துப் பேருக்குப் பாய்ந்தன. அச்சாலையில் அமைந்துள்ள அன்னை மரியாவின் திருத்தலத்தில் மக்கள் கூடினர். நான்கு நாட்களில் எஸ்ட்ராடா மாளிகையை விட்டு வெளியேறினார். புதிய தலைவர் குளோரியா அரோயோ அத்திருத்தலத்திலேயே பதவியேற்றார்.

அதே சாலையில் 1986-இல் மார்க்கோசின் ஆட்சிக்கு எதிராக மக்கள் திரண்டபோது, அவர்களை அழைத்தது வெரித்தாஸ் வானொலியில் ஒலித்த கர்தினால் சின் அவர்களின் குரல். ஒருவர் பேசினார், பல்லாயிரவர் கேட்டனர். 2001-இலும் அவர் மக்களோடு நின்றார். ஆனால் இம்முறை அழைப்பைக் கொண்டு சென்றது வானொலி மட்டுமன்று. ஒவ்வொருவரும் ஒருவரை அழைத்தனர்.

இந்நிகழ்ச்சியை நினைவுகூர்வோர் பலர் இதோடு நிறுத்திவிடுவர். வரலாறு அங்கே நிற்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், எஸ்ட்ராடா கைது செய்யப்பட்டபோது, அவரைத் தம்மவராக நேசித்த ஏழை மக்கள் அதே திருத்தலத்தின் முன் பெருந்திரளாகக் கூடினர். மே முதல் நாள் அவர்கள் குடியரசுத் தலைவரின் மாளிகையை நோக்கிச் சென்றனர். அது வன்முறையிலும் உயிரிழப்பிலும் முடிந்தது. ஜனவரியில் கைபேசியால் அழைக்கப்பட்டு வந்தவர்களில் நடுத்தர வகுப்பினர் மிகுதி. “எல்லோரும் வந்தார்கள்” என்று நாம் சொல்லும்போது, அழைப்பே சென்றடையாதவர் யார் என்ற கேள்வியும் எழ வேண்டும்.

எழுபது எழுத்துத் தமிழ்

அந்தக் கேள்வி நமக்கும் உரியது. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1,120 பிட். ஐரோப்பிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஏழு பிட் போதும் என வகுத்ததால் 160 எழுத்துகள் கிடைத்தன. ஏழு பிட்டுகளால் 128 குறிகளையே சுட்ட முடியும். அத்தொகுதியில் இலத்தீன் எழுத்துகள் இடம்பெற்றன, கிரேக்கப் பேரெழுத்துகளில் சிலவும் இடம்பெற்றன. தமிழுக்கு இடமில்லை. அதை வகுத்தவர் எவரும் நம்மீது பகை கொண்டவர் அல்லர். ஐரோப்பாவுக்கென அமைந்த குழு ஐரோப்பாவின் அஞ்சலட்டைகளை எண்ணிப் பார்த்தது. நம் ஊர் அஞ்சலட்டைகளை எண்ணிப் பார்க்க அந்த மேசையில் நாம் இல்லை.

தமிழில் எழுத வேண்டுமாயின் ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிட் செலவாகும். செய்தியின் நீளம் 160-இலிருந்து 70-ஆகக் குறையும். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளியும், உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். பாப்வொர்த்தின் வாழ்த்தையே நம் மொழியில் எழுதிப் பார்ப்போம். “கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்” என்பதில் நம் கண்ணுக்குத் தெரிபவை பன்னிரண்டு எழுத்துகளும் ஓர் இடைவெளியும். கருவியின் கணக்கிலோ அவை 23. ஆங்கில வாழ்த்துக்கு 105 பிட் போதும். தமிழ் வாழ்த்துக்கு 368 பிட் வேண்டும். அதே அன்பைச் சொல்ல நமக்கு மூன்றரை மடங்கு இடம் ஆகிறது. செய்தி எழுபதைத் தாண்டினால் இரண்டாகப் பிரிந்து, இரண்டு செய்திகளாகக் கணக்கிடப்படும்.

ஆரம்ப காலக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே தெரியாது. வெறும் கட்டங்கள்தாம் தோன்றும். எனவே நம் மக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினர். அதில் ‘ழ’வும் ‘ள’வும் ‘ல’வும் ஒன்றாயின. ‘ன’வும் ‘ண’வும் கலந்தன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய், வளைகுடா நாட்டிலிருந்து மகன் அனுப்பிய தமிழ்ச் செய்தியைப் படிக்க, பள்ளி செல்லும் பேரனை நாட வேண்டியிருந்தது. மொழி அவருடையது, செய்தியும் அவருக்கே உரியது. எழுத்து மட்டும் அந்நியமாய் நின்றது.

இக்குறையைப் போக்க முன்வந்தவர்களுள் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் குறிப்பிடத் தக்கவர். அவர் உருவாக்கிய ‘செல்லினம்’ என்னும் மென்பொருள் 2005-ஆம் ஆண்டு வெளிவந்து, கைபேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுத வழி செய்தது. பின்னர் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென ஏழு பிட் அட்டவணைகள் பன்னாட்டுத் தரத்திலும் சேர்க்கப்பட்டன. ஆனால் அனுப்பும் கருவி, பெறும் கருவி, இடையிலுள்ள வலையமைப்பு ஆகிய மூன்றும் அதை ஏற்றால்தான் பயன் உண்டு. 2016-ஆம் ஆண்டு இந்திய அரசு, நம் நாட்டில் விற்கப்படும் கைபேசிகள் இந்திய ஆட்சி மொழிகள் அனைத்தையும் படிக்கக் காட்ட வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. முதல் வாழ்த்து பறந்து 24 ஆண்டுகள் ஆன பிறகு!

சிறு செய்தியின் பெரும் சுமை

விரைந்து செல்வதெல்லாம் நன்மையைச் சுமப்பதில்லை. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அசாமில் நடந்த வன்முறையைத் தொடர்ந்து, தென்னாட்டில் வாழும் வடகிழக்கு மாநில மக்கள் தாக்கப்படுவர் என்ற புரளி குறுஞ்செய்திகளாகவும் இணையத்தின் வழியாகவும் பரவியது. பெங்களூரிலும் சென்னையிலும் வேறு நகரங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலையையும் படிப்பையும் விட்டுவிட்டுத் தொடர்வண்டி நிலையங்களில் குவிந்தனர். ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் செய்தி அனுப்ப அரசு 15 நாட்கள் தடை விதித்தது. வாழ்த்து சென்ற அதே பாதையில் அச்சமும் சென்றது. பாதைக்கு வேறுபாடு தெரியாது. அனுப்புபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று வாசலில் நிற்கும் இளைஞருக்கு நாம் சொல்லும் கடவு எண்ணின் கதையும் இவ்வாறே. கைபேசி அதன் உரிமையாளரின் கையில்தான் இருக்கும் என்ற எளிய நம்பிக்கையின் மேல் அது நிற்கிறது. இணையத்தில் அட்டை வழியாகப் பணம் செலுத்துவோருக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் விதித்த பிறகு, அந்த எண்ணைச் சுமக்கும் பொறுப்பு பெரும்பாலும் குறுஞ்செய்தியின் தோளில் விழுந்தது. பூட்டும் சாவியும் இல்லாமல் பிறந்த அஞ்சலட்டையிடம் வீட்டுச் சாவியை ஒப்படைத்த கதைதான். ஆகவேதான் தொலைபேசியில் இனிக்க இனிக்கப் பேசி அந்த எண்ணைக் கேட்பவரிடம், அவர் வங்கியின் பெயரைச் சொன்னாலும், அதைச் சொல்லக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் மீண்டும் மீண்டும் எடுத்துச் சொல்ல வேண்டியுள்ளது.

இனி, இந்த வரலாற்றின் இரண்டு சிறு நிகழ்ச்சிகளைக் கூறி முடிக்கலாம். பின்லாந்து நாட்டின் பொறியாளர் மத்தி மக்கோனெனைக் குறுஞ்செய்தியின் தந்தை என்று உலகம் புகழ்ந்தது. அவரோ, இது பலர் சேர்ந்து செய்த வேலை என்று கூறி அப்பட்டத்தை ஏற்க மறுத்து வந்தார். 2012-இல் இருபதாம் ஆண்டு நிறைவின்போது பி.பி.சி. நிறுவனத்திற்கு அவர் அளித்த நேர்காணலும் குறுஞ்செய்திகளாலேயே நடந்தது. 2015-இல் அவர் மறைந்தார். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், பாப்வொர்த் அனுப்பிய அந்த முதல் வாழ்த்து, எண்ணிம உடைமையாகப் பாரிசு நகரில் ஏலம் விடப்பட்டு 1,07,000 யூரோவுக்கு விலை போனது. அந்தத் தொகை ஐக்கிய நாடுகளின் அகதிகள் நல அமைப்புக்கு அளிக்கப்பட்டது. மறுமொழி இல்லாமல் நின்ற வாழ்த்துக்கு, 29 ஆண்டுகள் கழித்து, வீடிழந்தோரின் பெயரால் ஒரு மறுமொழி கிடைத்தது எனலாம்.

இன்று நம் கைபேசியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆயிரம் படங்களும் காணொளிகளும் யாரோ அனுப்பியதை யாருக்கோ அனுப்பியபடி காலைதோறும் வந்து குவிகின்றன. எழுபது எழுத்துகளே இருந்த காலத்தில், யாருக்கு, எதை, எந்தச் சொல்லால் என்று எண்ணிப் பார்த்து எழுதினோம். அந்த எண்ணிப் பார்த்தலுக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

வரும் டிசம்பரில், தனியே வாழும் ஒரு முதியவருக்கோ, நெடுநாளாய்ப் பேச்சற்றுப் போன ஓர் உறவினருக்கோ, நாமே யோசித்து, தமிழிலேயே, ஒரு வரி எழுதி அனுப்பலாம். 23 குறிகள் போக, அந்தச் செய்தியில் இன்னும் 47-க்கு இடமிருக்கும். அவருடைய பெயரையும், “எப்படி இருக்கிறீர்கள்?” என்ற கேள்வியையும் எழுத அது போதும். மறுமொழி வந்தால் படிக்க நேரம் ஒதுக்குவோம்.